மனிதர்களுக்கான கிளிப்பரை நாய்க்கு ஆகும் என்று விற்றால்?

கேள்வி: எங்கள் நாய்க்கு அடர்த்தியான முடி. முடி வெட்டும் மெஷின் வாங்கும் முன் கடைக்காரருக்கு நாயின் படத்தை அனுப்பி, "இதற்கு ஆகுமா?" என்று கேட்டேன். "தாராளமா ஆகும்" என்று பதில் வந்தது. வெட்டத் தொடங்கியதும் பிளேடு முடியில் சிக்கிச் சிக்கி நின்றது. கொஞ்ச நேரத்தில் சூடேறி, நாயின் வயிற்றுத் தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. சிகிச்சை நடக்கிறது. "மெஷினில் பழுது இல்லை, பெட்டியிலேயே மனிதர்களுக்கு என்றுதான் போட்டிருக்கிறது" என்கிறார் கடைக்காரர். பணத்தையும் மருத்துவச் செலவையும் கேட்க முடியுமா? அடுத்து எப்படிப்பட்டதை வாங்குவது?

பதில்: கேட்கலாம். முதலில் அந்தச் செய்தியைப் பத்திரப்படுத்துங்கள். போன் மாற்றும்போது அது அழிந்தால் உங்கள் வழக்கில் பாதி போய்விடும்.

மெஷினில் பழுது இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். மனிதத் தலைமுடிக்காகச் செய்த மெஷின் நாயின் அடர்ந்த உள்முடிக்குள் போனால் திணறும். பற்களில் முடி அடைக்கும், உராய்வு கூடும், பிளேடு சுடும். ஆனால் உங்கள் வழக்கு பழுதைப் பற்றியதே அல்ல. சொன்ன வேலைக்கு ஆகாத பொருளைக் கொடுத்ததைப் பற்றியது.

இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் வழியில் வந்தவைதான் இலங்கையின் 1896, இந்தியாவின் 1930, மலேசியாவின் 1957 சட்டங்கள். எல்லாவற்றிலும் இந்த விதி உண்டு: இன்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ரசீதில் எழுதாவிட்டாலும் அது விற்பனையின் நிபந்தனை. கடைக்காரர் வேண்டுமென்றே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது இங்கே கணக்கில்லை.

இரண்டு பழைய ஆங்கிலேய வழக்குகளைச் சொல்கிறேன். 1903இல், கடையில் வாங்கிய வெந்நீர்ப் பை வெடித்து வாங்கியவரின் மனைவிக்குச் சுட்டுவிட்டது. வெந்நீர்ப் பை எதற்கு என்று யாருக்கும் தெரியும் என்பதால் அவர் ஜெயித்தார். 1939இல், கம்பளிக் கோட்டு வாங்கிய ஒரு பெண்ணுக்குத் தோல் நோய் வந்தது. அவருடைய தோல் வழக்கத்துக்கு மாறாக மென்மையானது, அதை அவர் கடையில் சொல்லவில்லை. தோற்றுப்போனார். கிளிப்பர் என்றால் மனிதருக்கு என்றுதான் கடைக்காரர் எண்ணுவார், ஆகவே நாய்க்கு என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். சொன்னீர்கள், படத்தோடு.

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார். நாயின் தோல்தான் மென்மையானது என்று அந்தக் கோட்டு வழக்கைப் பிடித்துக்கொள்வார். ஆகவே புண் சூட்டாலும் உராய்வாலும் வந்ததா, ஒவ்வாமையா என்பதை மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். அப்புறம், பிராண்டின் பெயரைச் சொல்லி நீங்களே கேட்டு வாங்கினீர்களா? அப்படியென்றால் நான் சொன்ன மூன்று நாட்டுச் சட்டங்களிலும் உங்கள் பிடி தளரும். பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தும் வாங்கினீர்களா என்றும் கேட்பார்கள். சுடுகிறது என்று தெரிந்தபின்னும் வெட்டிக்கொண்டே போயிருந்தால், அந்தப் பங்கு இழப்பை உங்கள் தலையில்தான் வைப்பார்கள். நேர்மையாகச் சொல்லுங்கள், பிளேடுக்கு எண்ணெய் போட்டீர்களா?

சட்டத்தின் கண்ணில் நாய் ஒரு சொத்து. கேட்க நன்றாக இல்லைதான், ஆனால் மெஷினால் உங்கள் சொத்துக்கு வந்த சேதம் என்ற கணக்கில் மருத்துவச் செலவைக் கேட்க அது உதவுகிறது. தயாரிப்பாளரைத் துரத்த வேண்டாம், மனிதர்களுக்கு என்று அவர் போட்டுவிட்டார். கடைக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். மெஷினைத் திறக்காமல், கழுவாமல், பற்களில் சிக்கிய முடியோடு எடுத்து வையுங்கள். காலக்கெடு இடத்துக்கு இடம் மாறும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த மெஷினில், விலங்குகளுக்கு என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். பிளேடு கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தால், ஒன்று சூடாகும்போது இன்னொன்றை மாட்டலாம். பீங்கான் பிளேடு உலோகத்தைவிட மெதுவாகச் சூடாகும். பிளேடு எண் கூடக் கூட முடி குட்டையாக வெட்டப்படும். 10ஆம் எண் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் விடும், புதியவர்கள் அதற்கு மேற்பட்ட எண்ணுக்குப் போக வேண்டாம். சிக்குப்பிடித்த முடியில் நேரே மெஷினை விடாதீர்கள். வாரண்டிச் சீட்டையும் கடையிலேயே படியுங்கள். பிளேடு தேய்மானப் பொருள் என்று பெரும்பாலும் வாரண்டியிலிருந்து விலக்கி வைத்திருப்பார்கள்.