காட்ஸெனெல்ன்போகன் என்ற குட்டி ஜெர்மன் சிற்றரசுக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

இது இடைக்காலத்தில் ரைன் ஆற்றுப் பக்கம் ஒரு பிரபு குடும்பம் பரம்பரையாக ஆண்ட சிற்றரசு. மேலே ஜெர்மன் சிற்றரசுகளுக்கெல்லாம் பொதுவான பேரரசர் இருந்தார், ஆனால் உள்ளூரில் பிரபு வைத்ததுதான் சட்டம். பணம் கொட்டியது ஆற்றுச் சுங்கத்தில்: அன்று பெருஞ்சரக்கு படகில்தான் போகும், டோல்கேட் மாதிரிதான், ஆனால் சுற்றிப்போக வேறு ரோடு கிடையாது. 1245இல் பிரபு ஐந்தாம் டீட்டர், ரைன் கரையிலுள்ள சாங்க்ட் கோவார் ஊருக்கு மேலே ரைன்ஃபெல்ஸ் கோட்டையைக் கட்டத் தொடங்கி, சுங்கத்தையும் ஏற்றிவிட, கடுப்பான ரைன் நகரங்கள் 1255இல் திரண்டு வந்து ஒரு வருடத்துக்கு மேல் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. அப்புறம், இந்த நாடு போரில் அழிந்தது என்று நினைக்காதீர்கள், 1479இல் கடைசிப் பிரபு பிலிப் ஆண் வாரிசின்றி இறக்க, மகள் அன்னாவின் கல்யாணம் வழியாக ஹெஸ்ஸே என்ற இன்னொரு ஜெர்மன் அரசிடம் போய்ச் சேர்ந்தது.