சிம்ஸ் விளையாட டெஸ்க்டாப்: கிராபிக்ஸ் கார்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் ‘தி சிம்ஸ் 4’ விளையாடுவாள். எங்கள் பழைய லேப்டாப்பில், கேமில் குடும்பம் பெரிதாகப் பெரிதாக ஆட்டம் இழுக்கிறது. மானிட்டரோடு சேர்த்து 60 ஆயிரம் ரூபாய்க்குள் டெஸ்க்டாப் வாங்க நினைக்கிறோம். நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டாலே போதும் என்கிறார் கடைக்காரர். ‘இன்ஸாய்’ என்ற புது கேமும் ஓட வேண்டுமாம். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: துப்பாக்கிச் சண்டை கேம்களுக்குக் கடைக்காரர் சொல்வது சரி. சிம்ஸின் சங்கதி வேறு. 2014-ல் வந்த கேம் அது. அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட கார்டே 2012-ஆம் ஆண்டின் ஜிடிஎக்ஸ் 650தான். ஆகவே படம் வரைவதில் கம்ப்யூட்டருக்குப் பெரிய சிரமம் இல்லை. யாருக்குப் பசிக்கிறது, யார் யாரோடு கோபம், பக்கத்து வீட்டுக்காரர் இப்போது எங்கே போகிறார் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓயாமல் கணக்குப் போடுவதில்தான் மூச்சு வாங்குகிறது. பைத்தான் நிரல் மொழியில் எழுதிய இந்தக் கணக்குகள், பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளான பல கோர்களுக்குப் பிரிந்து போகாமல் ஓரிரு கோர்களின் தலையிலேயே விழுகின்றன. அதனால் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகமே முக்கியம்.

இதைப் பழைய லேப்டாப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆட்டம் இழுக்கும் நேரத்தில் மகளை கேமின் கேமராவை (காட்சிக் கோணத்தை) மட்டும் சுற்றச் சொல்லுங்கள். காட்சி வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, ஆனால் பாத்திரங்கள் சிலையாக நிற்கின்றன, கேமின் கடிகாரம் நின்று நின்று ஓடுகிறது என்றால், திணறுவது பிராசஸர். காட்சியே வெட்டி வெட்டித் திரும்பினால் கிராபிக்ஸ். மோட்கள் (கேமில் புதிதாகச் சேர்க்க ரசிகர்கள் செய்து தரும் ஃபைல்கள்) நிறையப் போட்டிருந்தால் அந்த ஃபோல்டரை அதே லேப்டாப்பில் வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு ஒருமுறை ஆடிப் பார்க்கட்டும். கேமின் பழைய பேட்ச் (அப்டேட்) காலத்து மோட் ஒன்று எத்தனை விலையுயர்ந்த கம்ப்யூட்டரையும் முடக்கிவிடும். அதற்குப் புது மெஷின் மருந்தல்ல.

இன்ஸாய்தான் உங்கள் பட்ஜெட்டைச் சோதிக்கும். கிராஃப்டன் நிறுவனம் 2025 மார்ச்சில் எர்லி ஆக்சஸில், அதாவது முழுமையடையும் முன்பே, வெளியிட்ட இந்த கேம் அன்ரியல் என்ஜின் 5 என்ற கனமான கேம் மென்பொருளில் ஓடுகிறது. குறைந்தபட்சத் தேவையே ஆர்டிஎக்ஸ் 2060 கார்டும் 12 ஜிபி ராமும். பரிந்துரை ஆர்டிஎக்ஸ் 3070. மானிட்டரோடு 60 ஆயிரத்துக்குள் இதையும் அடக்கப் பார்த்தால், ஏதாவது ஒரு பாகத்தில் மட்டமான சரக்கு உள்ளே வந்துவிடும்.

ஆகவே இரண்டு கட்டமாக வாங்குங்கள். இப்போதைக்குத் தனி கார்டு வேண்டாம். ரைசன் 5 5600ஜி போல உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ள பிராசஸர் போதும். 1080பி (1920 x 1080 புள்ளிகள்) திரையில் சிம்ஸ் 4-ஐ நடுத்தர அமைப்பில் அது நன்றாகவே ஓட்டும். கார்டு கட்டாயம் என்று சொல்லி ஜிடி 710, ஜிடி 730 போன்ற பழைய கார்டு எதையாவது தலையில் கட்டப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். அந்த பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸே அவற்றைவிட வேகமானது.

ராம் 16 ஜிபி. ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்குங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் இந்த ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு குச்சி இருந்தால்தான் அதற்கு முழு வேகம் கிடைக்கும். 2025 இறுதியில் ராம் விலை எகிறிவிட்டது. இணையத்தில் பார்த்த பழைய விலையை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேபினெட்டோடு ‘ஃப்ரீ’யாக வருவதை ஒதுக்கிவிட்டு, பெயருள்ள கம்பெனியின் 650 வாட் ஒன்றைப் போடுங்கள். பின்னால் இன்ஸாய்க்காக கார்டு வாங்கும்போது வேறு எதையும் மாற்ற வேண்டியிராது. அலுவலகங்களில் கழித்துக்கட்டிய செகண்ட் ஹேண்ட் ஸ்லிம் டெஸ்க்டாப்களை நான் பரிந்துரைக்காததற்கும் இதுதான் காரணம். பெரிய கார்டு அவற்றுக்குள் நுழையாது, எஸ்எம்பிஎஸ்ஸும் தாங்காது. இன்டெல் 7-ஆம் தலைமுறையும் அதற்கு முந்தியதும் என்றால், பெரும்பாலானவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11 ஆதரவு தருவதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

ஹார்டு டிஸ்க் வேண்டாம். அதைவிடப் பல மடங்கு வேகமான சேமிப்பகமான என்விஎம்இ எஸ்எஸ்டி 500 ஜிபியாவது இருக்கட்டும். கேமை எந்த டிரைவில் போட்டாலும் மோட்களும் சேவ் ஃபைல்களும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குத்தான் போகும். அது பெரும்பாலும் சி டிரைவில் இருக்கும். அதை 120 ஜிபியில் சுருக்கி வைத்தால் கொஞ்ச நாளில் இடம் நிரம்பிவிடும். விண்டோஸ் 11 அந்த டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைத்திருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபியை மோட்களே தின்றுவிடும். விளையாடும்போதே சிங்க் ஆனால் சேவ் செய்வதிலும் சிக்கல் வரும்.

மானிட்டர் 1080பி ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) போதும். நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இந்த வகை கேமுக்கு வீண். அந்தப் பணத்தில் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கலாம். சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெட்டுவிடலாம்.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணும் இருக்கட்டும். ‘ஐ5 பிராசஸர், 16 ஜிபி ராம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதித் தந்தால் வாங்காதீர்கள். 2012-ல் வந்ததும் ஐ5தான்.