மழைநீர் ஓடினால் பெர்மிட் வேண்டுமா: வர்ஜீனியா கோழிப்பண்ணைக்காரருக்கு

வர்ஜீனியாவில் 45,000 பிராய்லர் கோழி, பக்கத்தில் சோளக்காடு, மழைநீர் ஓடைக்குப் போகிறது, கழிவுநீர் விடும் பெர்மிட் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். காட்டு நீரையும் கொட்டகை நீரையும் பிரித்துப் பாருங்கள்.

காட்டைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 1987 திருத்தத்திலிருந்து கூட்டரசின் தூயநீர்ச் சட்டம் விவசாய மழைநீரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் கோழி எருவைப் போடுகிறீர்கள் என்றால் மண் பரிசோதனை, எப்போது எவ்வளவு போட்டோம் என்ற குறிப்பு எல்லாம் கையில் இருக்கட்டும். பயிருக்குத் தேவைக்கு மேல் கொட்டினால் அந்த விலக்கு நிற்காது.

சிக்கல் கொட்டகைதான். விசிறி வாய்க்கு வெளியே தூசும் இறகும் படிந்து கிடக்குமே, மழை கழுவுவது அதைத்தான். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கோழிப்பண்ணைக்கு இதே காரணத்துக்காக 2011இல் கூட்டரசின் சுற்றுச்சூழல் முகமை (EPA), பெர்மிட் வாங்கச் சொல்லி உத்தரவு போட்டது. நாளுக்கு 37,500 டாலர் வரை அபராதம் என்று மிரட்டலும். 2013இல் நீதிபதி, அதுவும் விவசாய மழைநீர்தான் என்று பண்ணை பக்கம் தீர்ப்பளித்தார். சந்தோஷம்தான், ஆனால் அது கூட்டரசின் கீழ்நிலை மாவட்ட நீதிமன்றம். உங்கள் ஊர் நீதிபதியைக் கட்டாது.

சரி, கொட்டகையிலிருந்து ஓடைக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறீர்களா? 37,500 கோழிக்கு மேல் இருந்து, வெட்டிய வாய்க்கால் வழியாகக் கழிவு ஓடைக்குப் போனால் பெர்மிட் கேட்பார்கள். முதலில் அதைப் போய்ப் பாருங்கள். மாநில விதி தனி, அதையும் விசாரித்துவிடுங்கள்.