எழினி ஆண் பெயரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகனுக்கு ‘எழினி’ என்று பெயர் வைக்க நினைக்கிறோம். அது பெண் பெயர் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். எது சரி? (வாசகி, தருமபுரி)

ஆண் பெயர்தான், அதுவும் உங்கள் ஊர்ப் பெயர். இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் மரபில் வழங்கியது. புறநானூற்று 158ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் ஏழு வள்ளல்களை வரிசைப்படுத்தும்போது அதியமானை ‘எழினி’ என்றே சொல்கிறார். அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பெயரும் பொகுட்டெழினி.

‘எழிலி’, ‘எழிலரசி’ என்ற பெயர்களோடு காதில் கலந்துவிடுவதால்தான் இந்தச் சந்தேகம். எழிலி என்றால் மேகம். எழினி என்றால் திரைச்சீலை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று வகைத் திரைகள் வருகின்றன. பெயர்ப் பட்டியல்கள் போடுகிற ‘அழகானவள்’ என்ற பொருளை நம்ப வேண்டாம். இகரத்தில் முடிந்தால் பெண் பெயர் என்பதும் பிற்காலப் பழக்கம். பாரி, காரி, நள்ளி, கிள்ளி, வழுதி எல்லாரும் ஆண்களே.

பெரியவர்கள் மனம் இறங்காவிட்டால் ‘அதியன்’ இருக்கிறது. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் உள்ள தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டு ‘அதியன் நெடுமான் அஞ்சி’ என்றே அந்த அதியமானைக் குறிக்கிறது. ‘அஞ்சி’யை மட்டும் தனியே எடுக்காதீர்கள். இன்றைய காதுக்கு அது பயந்தவன் பெயர்.

கீழடிப் பானையோட்டில் ‘ஆதன்’ என்ற பெயரைப் பார்த்தோம். அகராதியில் தேடினால் ‘அறிவிலி’ என்று வருகிறதே? (மதுரை)

இரண்டும் உண்மை. சேர மன்னர் பெயர்களில் ஆதன் மதிப்பான பெயர். நெடுஞ்சேரலாதன் ஒருவரே போதும். கரூர் அருகே புகளூர்க் கல்வெட்டிலும் ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’ என்று இருக்கிறது. அறிவில்லாதவரை ‘ஆதர்’ என்பது தேவார காலத்து வழக்கு. பெயரும் வசையும் வெவ்வேறு காலத்தவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் எல்லாக் காலத்துப் பொருளையும் ஒரே சொல்லின் கீழ் அடுக்குவதால் இந்த அதிர்ச்சி.

ஆதன் நல்ல தேர்வு என்பதே எங்கள் கருத்து. கூடுதல் சுவை ஒன்று: ஆதனின் தந்தை ‘ஆந்தை’. ஆதன், பூதன் என்ற பெயர்கள் தந்தையோடு சேரும்போது ஆந்தை, பூந்தை ஆகும் என்று தொல்காப்பியம் புணர்ச்சி விதியே வைத்திருக்கிறது. சங்கப் புலவர் பிசிராந்தையார் பெயரில் இருப்பது இந்த ஆந்தைதான், பறவை அல்ல. ஆதனுக்கு அப்பா ஆனபின் நண்பர்கள் உங்களை ஆந்தையார் என்று அழைத்தால் கோபப்படாதீர்கள்.

‘நன்னன்’ எப்படி? நல்லவன் என்றுதானே பொருள்? (திருவண்ணாமலை)

ஓசையில் நன்மை இருக்கிறது, வரலாற்றில் ஒரு கறையும் இருக்கிறது. தன் காவல் மாமரத்திலிருந்து ஆற்றில் விழுந்து மிதந்து வந்த காயைத் தின்றதற்காக ஒரு பெண்ணைக் கொன்றவன் ஒரு நன்னன். எண்பத்தொரு யானைகளும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தருகிறோம் என்று அவள் வீட்டார் சொல்லியும் அவன் இணங்கவில்லை. குறுந்தொகை 292இல் பரணர் அவனைப் ‘பெண்கொலை புரிந்த நன்னன்’ என்று பெயரோடு சேர்த்தே சபிக்கிறார். ஆனால் உங்கள் பக்கத்துச் செங்கத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னன் வேறொருவன். மலைபடுகடாம் பாடுவது அவனை. தமிழறிஞர் மா. நன்னனும் இதே பெயரைத் தாங்கியவர். ஆகவே விலக்க வேண்டியதில்லை. எந்த நன்னன் என்று பிள்ளை கேட்கும்போது ‘செங்கத்து நன்னன்’ என்று சொல்லத் தயாராக இருங்கள்.

ஓரி? (நாமக்கல்)

கொல்லிமலை வல்வில் ஓரி, பெருமைக்குக் குறைவில்லை. ஆண்நரிக்கும் குதிரைப் பிடரி மயிருக்கும் இதே சொல் உண்டு. அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். சிக்கல் இனிஷியலில். அப்பா பெயர் ‘எஸ்’ஸில் தொடங்கினால் பள்ளியில் பையன் தினமும் ‘சாரி’ ஆவான். மற்றபடி சுருக்கமான, யாரும் சிதைக்க முடியாத பெயர்.

திருவாதிரை மூன்றாம் பாதம். ஜோதிடர் ‘ங’ என்கிறார். ‘ங’வில் பெயர் உண்டா? (கும்பகோணம்)

கிடையாது. கு, க, ங, ச என்ற அந்த வரிசை வடமொழி எழுத்துகளை வைத்து அமைந்தது. அதே நட்சத்திரத்தின் பக்கத்துப் பாத எழுத்தை எடுத்துக்கொள்வது பலர் கைக்கொள்ளும் வழி. ‘கு’வில் முதிரமலை வள்ளல் குமணன், சேரர் பெயரான குட்டுவன் இரண்டும் கேட்க நன்றாக இருக்கும்.

பெயரை முடிவு செய்யத் தாமதமாகிறது. பிறப்புச் சான்றிதழுக்குக் கெடு உண்டா? (சேலம்)

பிறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள். பெயருக்குக் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுவரை 200 ரூபாய் தாமதக் கட்டணம். ஒருமுறை ஏறிய பெயரை அங்கே மாற்றித்தர மாட்டார்கள், பிறகு அரசிதழ்தான் வழி. ஆகவே தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்துக்கூட்டலையும் தாளில் எழுதிக் கொடுங்கள். செழியன், வழுதி, எழினி மூன்றிலும் ‘ழ’ இருப்பதால், மருத்துவமனைப் படிவத்தில் ‘எல்’, ஆதாரில் ‘இசட் எச்’ என்று ஆகிவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கும்போது இழுக்கும்.