அரளிப்பூச் செண்டு

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரம். இப்போது பெங்களூரில் வேலை. போன வாரம் 'பாரிஸ் ஜ தேம்' என்ற 2006-ஆம் வருடத்துப் படத்தைப் பார்த்தேன். 18 குறும்படங்கள், ஒவ்வொன்றும் பாரிஸின் ஒவ்வொரு பேட்டையில் நடக்கிறது. ஆப்பிரிக்கர், முஸ்லிம்கள், சீனர் எல்லாரும் வருகிறார்கள். இப்படி ஒன்று தமிழில் ஏன் வரவில்லை? நம் ஊர்ப்பக்கம் ஒரே மாதிரி ஆட்கள், ஒரே வாழ்க்கை. பல மனிதர்கள் கலந்து வாழ்வதைப் பார்க்கப் பெருநகரத்துக்குத்தான் போகவேண்டும் போல. எங்கள் தமிழும் இரண்டும்கெட்டான். கோவையில் மலையாளத்தான் என்கிறார்கள், பாலக்காட்டில் பாண்டி என்கிறார்கள். படம் பார்த்திருந்தால், உங்களுக்குப் பிடித்த பகுதி எது?

க.

தம்பி,

முதலில் சில்லறைக் கணக்கை முடித்துவிடுகிறேன். தமிழில் 'சில்லுக்கருப்பட்டி' 2019-லேயே நான்கு கதைகளோடு வந்துவிட்டது. மலையாளத்தில் 'கேரள கஃபே' 2009-ல், பத்து இயக்குநர்கள், பத்துப் படங்கள். பாரிஸின் இருபது பேட்டைக்கும் இருபது படம் என்று தொடங்கி இரண்டைக் கைவிட்ட கதைவரை நீங்கள் படித்து வைத்திருப்பீர்கள். தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வந்த படங்கள் மட்டும் கண்ணில் படவில்லை. சரி, போகட்டும்.

"நம் ஊர்ப்பக்கம் ஒரே மாதிரி ஆட்கள்" என்று எழுதியதைத்தான் போகட்டும் என்று விட முடியவில்லை. கொழிஞ்சாம்பாறையில் பிறந்த ஆள் எழுதுகிற வாக்கியமா இது? வீட்டில் ஒரு பேச்சு, வில்லேஜ் ஆபீஸில் வேறு பேச்சு. தோப்பில் கள் இறக்குகிறவரிடம் பேசுவது போலவா அதை ஏற்றிப்போக வரும் வேன்காரரிடம் பேசுகிறீர்கள்? சித்தூர் கொச்சி ராஜாவிடமும், கூப்பிடு தூரத்துப் பாலக்காடு வெள்ளைக்காரனின் மலபாரிலும் கிடந்த ஊர்கள் நம்முடையவை. கோவைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும். உக்கடத்தில் கேரளா பஸ் வந்து நின்றால் போர்டு படிக்க அவனுக்கு நம்மில் ஒருத்தன் வேண்டும்.

பிடித்த பகுதி, அந்த ஆயாப் பெண்ணின் கதை. வால்டர் சாலஸும் டேனியலா தாமஸும் எடுத்தது. விடியுமுன் தன் குழந்தையைக் காப்பகத்தில் விட்டு ஒரு ஸ்பானியத் தாலாட்டுப் பாடிவிட்டு, பஸ்ஸும் ரயிலும் மாறி மாறிப் பணக்காரப் பேட்டைக்குப் போகிறாள். வீட்டுக்காரியின் குரல் மட்டும் கேட்கிறது, இன்று திரும்ப ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று. அந்த வீட்டுக் குழந்தை அழுகிறது. அதே தாலாட்டு.

போன மாதம்தான் என் அத்தை வீட்டு ஓட்டைப் பிரித்து விட்டத்தைக் கீழே இறக்கினார்கள். சேலைத் தொட்டில் கயிறு உரசி உரசி அதில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். அதைத் தடவிக்கொண்டு நின்ற கையோடுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

1979. எனக்குப் பதினொரு வயது. அத்தை முதல் பஸ் பிடித்துப் பாலக்காட்டில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போவார். அவருடைய கைக்குழந்தை எங்கள் பாட்டியிடம். அந்த வீட்டுச் சேச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்: பாண்டிப் பாட்டு வேண்டாம், பிள்ளைக்குப் பேச்சு கெட்டுப்போகும். அந்த வீட்டு அம்மூம்மா, அதாவது பாட்டி, அத்தையை உட்காரவைத்து ஓமனத்திங்கள் தாலாட்டைச் சொல்லிக்கொடுத்தார். 1813-இல் பிறந்த திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாளைக் கைக்குழந்தையில் தூங்கவைக்க இரயிம்மன் தம்பி எழுதியது. முழுக்கக் கேள்விதான். நீ இளந்திங்களா, தாமரைப்பூவா, பூவில் நிறைந்த தேனா என்று கேட்டுக்கொண்டே போகும். பகலெல்லாம் பாடி நாக்கில் அதுவே ஒட்டிக்கொண்டது. ராத்திரி எங்கள் ஓட்டு வீட்டில் அத்தை பையனும் ராஜா வீட்டுப் பாட்டில்தான் தூங்கினான்.

அங்கே ஆள் இல்லாத மத்தியானங்களில் நடந்தது நேர்மாறு. நம் தாலாட்டும் கேள்விதானே? ஆரடிச்சு நீ அழுதே, மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே. அதைப் பாட உறவு வேண்டும். தனக்கு உறவென்று யாருமில்லாத அந்த வீட்டில் அத்தை தன்னையே குழந்தைக்கு அத்தையாக்கிக்கொண்டார்.

குழந்தைக்குப் பேச்சு வந்தது. ஒருநாள் திண்ணையில் தடுக்கி விழுந்து, எல்லாரும் ஓடிவர, "அத்தை அடிச்சு, அத்தை அடிச்சு" என்று ஒரே அழுகை. அடிச்சு என்பது இரண்டு மொழிக்கும் பொது. அத்தை யார் என்பதும் வீட்டுக்கே தெரியும். சேச்சி கை ஓங்கிவிட்டார். அன்றைய கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து வெளியே போகச் சொல்லிவிட்டார். அத்தை வாசலில் நின்று, தான் அடிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக அந்தப் பாட்டை முழுதாகப் பாடிக் காட்டினார். அம்மூம்மா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "அரளி விஷமல்லே?"

வேலை போகவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மாற்றிப் பாடச் சொன்னார்களாம். 2024-இல் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலிருந்து அரளியை விலக்கிய செய்தியைப் படித்தபோது அந்த அம்மூம்மாவை நினைத்துச் சிரித்தேன்.

எந்தக் குழந்தைக்கு எந்தப் பாட்டு என்று மனசு வருத்தப்படவில்லையா என்று பின்னாளில் அத்தையிடம் கேட்டேன். "மூக்கொழுகற புள்ளைக்கு எந்தப் பாட்டா இருந்தா என்ன? அது தூங்கோணும், எனக்கு இடுப்பு நோவு" என்றார்.

அந்தப் படத்தோடு எனக்கு இருக்கும் சண்டை இதுதான். ஐந்து நிமிடம், ஜன்னல், அவள் முகம், முடிந்தது. அந்தப் பணக்காரக் குழந்தை வாய் திறக்கவே இல்லை. அது ஒருநாள் விழுந்து, ஆயாவின் மொழியில் அழுது, வீட்டுக்காரி கை ஓங்கவேண்டும். உண்மையான கதை அங்கேதான் தொடங்கும். பெருநகரப் படங்கள் எல்லாம் வேற்று ஆட்கள் சந்திக்கிற இடம்வரை வந்து விளக்கை அணைத்துவிடுகின்றன. பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்தால் கலந்துவிட்டார்கள் என்று நினைப்பு. உங்களுக்கும் அதே நினைப்பு, அதனால்தான் பாண்டி என்றும் மலையாளத்தான் என்றும் கேட்டுவிட்டுப் பெங்களூரில் உட்கார்ந்து பாரிஸுக்கு ஏங்குகிறீர்கள்.

கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். நல்ல கையெழுத்து. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் 'மனசிலாயி' என்று எழுதி, அதை மூன்று கோடு போட்டு அடித்து, மேலே 'புரிந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த கடிதத்தில் அதை அடிக்காமல் அனுப்புங்கள்.