வண்டிலுக்குப் பிறகுதான் பனை

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய ஐயா,

நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் வசிக்கும் ஒரு தாய். என் மகனுக்கு 4 வயது. கடந்த ஐந்து வாரங்களாக இரவில் ஒரே புத்தகத்தைத்தான் வாசிக்கச் சொல்கிறான். கிணற்றுத் தவளை ஒன்று கடல் பார்க்கப் புறப்பட்டு, வழியில் கொக்கையும் மாட்டு வண்டியையும் பனையையும் கண்டு, கடைசியில் கடற்கரையை அடையும் கதை அது. தமிழ்நாட்டில் அச்சான 16 பக்கப் புத்தகம். எனக்கு அது இப்போது முழுவதும் மனப்பாடம்.

ஒரு நாள் வேலையால் களைத்து வந்திருந்தபடியால், “மாட்டு வண்டி வந்தது” என்ற பக்கத்தை வாசிக்காமல் பனைக்குப் போய்விட்டேன். கண்ணை மூடிக் கிடந்தவன் எழும்பியிருந்து, “அம்மா, அப்பிடி இல்லை, வண்டிலுக்குப் பிறகுதான் பனை” என்றான். பொது நூலகத்திலிருந்து வேறு புத்தகங்கள் எடுத்து வந்தேன். அட்டையைப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தான். ஒருமுறை அந்தப் புத்தகத்தை அலுமாரிக்கு மேலே ஒளித்தேன். அழுதழுது பதினொரு மணிக்குத்தான் நித்திரையானான். இவ்வளவு விருப்பமான கதையிலும் “தவளை கொக்கிடம் பேசியது” என்ற பக்கம் வந்தால் மட்டும் முகம் வாடி என் கையைப் பிடித்துக்கொள்கிறான். ஆனால் அதையும் தாண்ட விடமாட்டான்.

“பிள்ளைக்குப் புத்தி ஒரே இடத்திலை நிண்டு போச்சு” என்று மாமி கவலைப்படுகிறார். கணவர் கட்டாரில் வேலை செய்வதால் வீட்டில் வாசித்துக் கொடுக்க நான் ஒருத்திதான். இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது? நிறுத்தத்தான் வேண்டுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். புத்தகத்தை இனி ஒளிக்கவும் வேண்டாம்.

காரணத்தைச் சொல்லுமுன், கொக்கிடம் தவளை பேசுகிற அந்தப் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீடுகளில் நாங்கள் கதைப்போம். “பேசுவது” என்றால் ஏசுவது. “அம்மா பேசுவா” என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை சொன்னால், அம்மாவிடம் ஏச்சு வாங்கப் போகிறேன் என்றுதான் பொருள். அப்படியான வீட்டில் வளரும் நான்கு வயதுப் பிள்ளையின் காதில் “தவளை கொக்கிடம் பேசியது” என்ற வரி எப்படி விழுந்திருக்கும்? தவளை கொக்கை ஏசிவிட்டது. அடுத்த பக்கத்திலோ கொக்கு கோபமே இல்லாமல் கடலுக்கு வழி காட்டுகிறது. என் ஊகம் பிழையாகவும் இருக்கலாம், ஆனால் சரியாக இருந்தால், உங்கள் மகன் ஐந்து வாரங்களாக அந்தப் பக்கத்தில் ஒரு புதிரைத் தனியே அவிழ்க்க முயன்றுகொண்டிருக்கிறான் என்றே கொள்ள வேண்டும். முகம் வாடினாலும் அந்தப் பக்கத்தைத் தாண்ட அவன் விடாததன் காரணமும் அதுவாக இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புத்தகத்தில் இருப்பது “வண்டி”. அவன் உங்களைத் திருத்தியபோது சொன்னது “வண்டில்”. கேட்ட சொல்லை அப்படியே ஒப்புவிக்காமல், தன் வீட்டுச் சொல்லுக்கு மாற்றி, வரிசையையும் தவறவிடாமல், அரை நித்திரையில் எழும்பிச் சொல்லியிருக்கிறான். புத்தி ஒரே இடத்தில் நின்றுபோன பிள்ளையால் இதைச் செய்ய முடியாது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது மற்றப் பிள்ளைகளை விடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது என் நெடுநாளைய எண்ணம். நாங்கள் வீட்டில் கதைக்கும் தமிழ் வேறு, புத்தகத்தில் அச்சாகும் தமிழ் வேறு. “தவளை போச்சுது, கொக்கைக் கண்டுது, கதைச்சுது” என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, “தவளை சென்றது, கொக்கைக் கண்டது, பேசியது” என்று வாசிக்கும்போது ஒவ்வொரு வினைச்சொல்லும் சற்று அந்நியமான உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறது. போதாததற்கு, எங்கள் பிள்ளைகளின் கைக்கு வரும் படப்புத்தகங்களில் பல கடல் கடந்து அச்சாகி வருகின்றன. அங்கே பிள்ளை தூங்கும், எங்கள் பிள்ளை நித்திரை கொள்ளும். இந்த இடைவெளியை நாங்கள் பெரியவர்கள் உணர்வதில்லை, ஏனென்றால் அதைக் கடந்து பல காலமாகிவிட்டது. உங்கள் மகன் இப்போதுதான் கடந்துகொண்டிருக்கிறான். முன்பள்ளியிலோ தொலைக்காட்சியிலோ எழுத்துத் தமிழ் அவன் காதில் துண்டு துண்டாக விழுகிறது. இந்தப் 16 பக்கங்களில்தான் அது ஒரே ஒழுங்கில், ஒரே குரலில், தாயின் மடியில் கிடைக்கிறது.

வெறும் அன்பினால் இப்படிச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிக்கா ஹோர்ஸ்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதே கேள்வியைத்தான் ஆராய்ந்தது. மூன்று வயதுப் பிள்ளைகள் சிலருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். வேறு சிலருக்கு வெவ்வேறு கதைகளை வாசித்தார்கள். பிள்ளைகள் முன்பு கேட்டிராத சில பொருட்பெயர்களைக் கதைகளுக்குள் வைத்து, அந்தப் பெயர்கள் இரு பகுதியினர் காதிலும் ஒரே எண்ணிக்கையில் விழும்படி பார்த்துக்கொண்டார்கள். புதுச் சொற்களைக் கூடுதலாகக் கற்று நினைவில் வைத்திருந்தவர்கள் ஒரே கதையைக் கேட்ட பிள்ளைகளே. இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினம் அல்ல. முதல் தரம் கேட்கும்போது பிள்ளையின் கவனம் முழுவதையும் “பிறகு என்ன நடக்கும்” என்ற கேள்வி எடுத்துக்கொள்கிறது. என்ன நடக்கும் என்பது தெரிந்த பிறகுதான் சொற்களையும், படத்தின் மூலையில் நிற்கும் கோழியையும், உங்கள் குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதையும் கவனிக்க அதற்கு இடம் கிடைக்கிறது. 1996 இல் அமெரிக்காவில் தொடங்கிய சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, இதையே கருத்தில் கொண்டு, ஒரே பகுதியைத் தொடர்ந்து 5 நாட்கள் ஒளிபரப்பியது. நாட்கள் செல்லச் செல்லப் பிள்ளைகள் திரையை நோக்கி விடை சொல்வது கூடியதே தவிரக் குறையவில்லை.

மாமியின் கவலைக்கு வருகிறேன். அவர் பேரன்மீது கொண்ட அக்கறையில் சொல்கிறார். அவரை மறுத்துப் பேசாமல் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பெருங்கதை விரத நாட்களில் கோயிலில் 21 நாளும் பிள்ளையார் கதை படிக்கக் கேட்டிருப்பார். கந்தபுராண படனத்தையும் ஆண்டுதோறும் கேட்டிருப்பார். சூரன் மாமரமாகி நிற்பான், வேல் பிளக்கும், ஒரு பாதி மயிலாகும், மறு பாதி சேவலாகும் என்பது அவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு கந்தசட்டிக்கும் சூரன்போர் பார்க்க வீதியில் போய் நிற்கிறோம். யானைமுக அசுரனான தாரகன் தலையை ஆட்டிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு முறையும் மெய் சிலிர்க்கிறது. எங்கள் சமூகத்தின் பண்பாட்டுக்குப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் “கந்தபுராணக் கலாசாரம்” என்று பெயர் தந்தார். ஒரே கதையைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பக் கேட்டு உருவான பண்பாடு இது. உங்கள் மகன் அந்த வழக்கத்தைத்தான் தன் பாயில் படுத்துக்கொண்டு செய்கிறான்.

புராண படனத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய முறை ஒன்றும் உண்டு. அங்கே ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். பாட்டு மாறாது, பயன் சொல்பவரின் அறிவுக்கும் அன்றைய நாளுக்கும் ஏற்ப விளக்கம் விரியும். நீங்கள் வரியை வாசியுங்கள்; பயனை மகன் சொல்லட்டும். “மாட்டு வண்டி வந்தது” என்று வாசித்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த வண்டில் எங்கிருந்து வந்தது, மாட்டுக்கு என்ன நிறம், வண்டில்காரர் ஏன் சிரிக்கிறார் என்பதெல்லாம் அவனிடமிருந்து வரும். சில நாட்களில் வரியையும் அவனே சொல்வான், நீங்கள் பயன் சொல்லலாம். மாமியையும் ஓர் இரவு பயன் சொல்ல அழையுங்கள். உங்களை விட நன்றாகவே சொல்வார். கணவர் காணொளி அழைப்பில் வரும்போது, அவருக்கு அந்தக் கதை தெரியாது என்று சொல்லிப் புத்தகத்தை மகனின் கையில் கொடுங்கள். தெரியாதவருக்குச் சொல்லுகின்ற பெருமை அவனுக்குக் கிடைக்கும். தகப்பனுக்கும் நாளின் முடிவில் பிள்ளையின் வாயால் ஒரு கதை கிடைக்கும்.

களைத்த நாட்களில் பக்கம் தாண்டாதீர்கள். “இண்டைக்கு ஒருதரம்தான்” என்று தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அளவைப் பொறுத்துக்கொள்வார்கள், களவைப் பொறுக்கமாட்டார்கள். நூலகப் புத்தகங்களைப் பகலில், முற்றத்தில், வேறு நேரத்தில் வாசியுங்கள். இரவில் தவளையோடு போட்டிக்கு விட்டால் அவை தோற்கத்தான் செய்யும்.

ஒரே கதையை விரும்புவது மட்டும் எந்தக் குறைபாட்டுக்கும் அடையாளம் அல்ல. பேர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராதிருத்தல், முன்பு கதைத்த சொற்களை இழத்தல், மற்றவர்களோடு சேர்ந்து விளையாட முற்றாக விரும்பாமை போன்றவையும் சேர்ந்திருந்தால், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரையோ வைத்தியரையோ தாமதமின்றிக் காண வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதையும் நான் காணவில்லை.

உங்கள் கடிதம் என்னை வேறோர் இடத்துக்கும் கொண்டுபோனது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் கிழக்கே தென்மராட்சியை நோக்கி வெளிக்கிட்டபோது எனக்கு 13 வயது, என் தம்பிக்கு 4. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு விடியும்வரை சென்றது. சைக்கிளின் முன் பாரில் இருந்த தம்பியின் சட்டைக்குள் ஓர் ஆட்டுக்குட்டிக் கதைப் புத்தகம் இருந்தது. அதை அவன் எப்போது எடுத்துச் செருகினான் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கொடிகாமத்தில் ஒரு பாடசாலை வகுப்பறையை நான்கு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டோம். இரவில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அம்மா அந்தப் புத்தகத்தை வாசிப்பா. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதால் ஒருதரம் மட்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் இன்னொருதரம், பாடமாக.

மழையில் ஊறிக் கடைசித் தாள் கிழிந்து போயிருந்தது. தாயைத் தேடிப் போன குட்டிக்கு என்ன நடந்தது என்பதை அம்மா தானாகவே சொன்னா: குட்டி ஓர் ஆலமரத்தின் கீழ் ஆட்களோடு நின்றது, தாய் ஆடு தேடிக்கொண்டு அந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. அந்த இடம் வரும்போது தம்பி பின்னட்டைக்கு மேலே இரண்டு விரலைக் கூட்டி, இல்லாத தாளை ஒருமுறை புரட்டுவான். அவன் புரட்டும்வரை அம்மாவும் அடுத்த வரியைச் சொல்லமாட்டா. 1996 இல் ஊருக்குத் திரும்பிய பின் ஓர் உறவினர் வீட்டில் அதே புத்தகம் முழுதாகக் கிடைத்தது. அச்சில் குட்டி தானே வழி கண்டுபிடித்து வீட்டுக்குத் திரும்பியிருந்தது. தம்பி கடைசிப் பக்கத்தைக் கேட்டு முடித்துவிட்டு, “இது பிழை” என்றான். “ஆலமரம் எங்கை?” என்று கேட்டுப் புத்தகத்தை மூடி வைத்தான். அதன் பிறகும் பல மாதங்கள் எங்கள் வீட்டில் வாசிக்கப்பட்டது கடைசித் தாள் இல்லாத பிரதிதான்.

விருப்பமான கதையைப் பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கும் என்பதையும், ஒரு சிறு மாற்றத்தையும் விடாமல் திருத்தும் என்பதையும் சிக்மண்ட் பிராய்ட் 1920 இல் எழுதிய நூல் ஒன்றில் குறிப்பிட்டிருக்கிறார். அதை நான் பல ஆண்டுகள் கழித்து வாசித்தபோது, வகுப்பறைச் சீமெந்துத் தரையில் இல்லாத தாளைப் புரட்டிய அந்த இரண்டு விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. அந்தக் காலத்தில் தம்பிக்கு வீடு மாறியது, பள்ளி இல்லாமல் போனது, சாப்பிடும் நேரம் மாறியது. மாறாமல் இருந்தது ஆட்டுக்குட்டிக் கதை ஒன்றே. உங்கள் மகனுக்கு அப்படியொரு காலம் வரவில்லை, வரவும் வேண்டாம். ஆனால் தகப்பன் தூர தேசத்தில் இருக்க, தாய் வேலைக்குப் போய்வர, நாள் முழுவதும் மற்றவர்கள் சொல்லும் நேரத்துக்கு எழும்பிச் சாப்பிட்டு உடுத்தும் ஒரு சிறு பிள்ளைக்கு, அடுத்து என்ன வரும் என்று தனக்கு உறுதியாகத் தெரிந்த ஓர் இடம் நாளின் முடிவில் இருப்பது பெரிய காரியம்.

இன்று இரவு தவளையும் கொக்கும் சந்திக்கும் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள். “பேசியது” என்ற சொல்லை மாற்றி வாசிக்க வேண்டாம். “தவளை கொக்குக்கு என்ன சொன்னது?” என்று மட்டும் கேளுங்கள். அவன் ஓர் ஏச்சைச் சொன்னால், புத்தகத் தமிழில் பேசுவது என்றால் கதைப்பது என்று அப்போது சொல்லிக்கொடுங்கள். வேறு ஏதாவது சொன்னால், என் ஊகத்தை விட்டுவிட்டு அவன் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் எனக்கு எழுதுங்கள். அந்தத் தவளை என்ன சொன்னது என்று அறிய எனக்கும் ஆவலாக இருக்கிறது.

அன்புடன்.