ஹெட்போனைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: எனக்கு வயது 43. திருச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், பிளஸ் டூ படிக்கும் மகன், எட்டாவது படிக்கும் மகள், 75 வயது மாமியார் என்று வீட்டில் ஐந்து பேர். ஒவ்வொரு சனிக்கிழமை இரவும், அந்த வாரம் எனக்குச் சந்தோஷம் தந்த விஷயங்களை ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். எல்லாம் சினிமா, பாட்டு, சீரியல்தான். போன வாரம் எழுதியவை: பஸ்ஸில் கேட்ட இளையராஜா பாட்டுகள், வடிவேலு காமெடி, தமிழில் டப் செய்த கொரியன் சீரியலில் இரண்டு எபிசோடு, பாட்டுப் போட்டியில் ஒரு சின்னப் பெண் பாடிய 'உயர்ந்த மனிதன்' படத்து 'நாளை இந்த வேளை' பாட்டு. (நான் பழைய பாட்டுப் போட்டால் மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கூடவே பாட ஆரம்பித்துவிடுவார். சரணம் வரை விடமாட்டார். சுருதியும் சேராது, பாடுகிறவர் குரலும் கேட்காது. 1,499 ரூபாய்க்கு ஒரு ஹெட்போன் வாங்கினேன், தொந்தரவு தீர்ந்தது.) மற்றபடி அவருக்குச் சாப்பாடு, பிரஷர் மாத்திரை, வெந்நீர் எதிலும் நான் குறை வைப்பதில்லை; கல்யாணமான புதிதில் 'கோலங்கள்' சீரியல் பார்க்கும்போதுகூட ரிமோட்டை என் கையில் தராதவர் அவர். இப்போது பிரச்சினை என் கணவர். நோட்டை எடுத்துப் படித்துவிட்டு, 'இதில் நானும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, உனக்கு சினிமாதான் குடும்பமா' என்று கேட்டார். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. நான் செய்வது தப்பா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கணவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்தவர் நோட்டை எடுத்துப் படித்தது தப்பு. படித்துவிட்டு, தன் பெயர் இல்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது அதைவிடச் சின்னத்தனம். பெயர் வர வேண்டுமென்றால் வருகிற மாதிரி ஏதாவது செய்யட்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உங்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் பாத்திரம் தேய்க்கட்டும். வடிவேலுவோடு போட்டி போடுவது கஷ்டம்தான், ஆனாலும் முயற்சி செய்யலாம்.

சினிமாவிலும் பாட்டிலும் சந்தோஷப்படுவது தப்பா என்ற கேள்வி இந்தப் பகுதிக்கு வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது. எழுதுகிற எல்லோருக்கும் ஒரே பதில்தான் வேண்டும்: 'தப்பே இல்லை அம்மா, உங்களுக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.' அதை நான் எழுதப் போவதில்லை. நேரம் ஒதுக்கிக்கொள்ள உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நான் பேச வந்தது ஹெட்போனைப் பற்றி. கணவர் கோபத்துக்கு அத்தனை வரி எழுதிய நீங்கள், இதை அடைப்புக்குறிக்குள் போட்டுத் தாண்டிவிட்டீர்கள்.

ஏம்மா, 75 வயது மனுஷி. வீட்டில் எங்கோ உட்கார்ந்திருந்தவர், உங்கள் போனில் ஒரு பாட்டுச் சத்தம் கேட்டதும் எழுந்து வருகிறார். முழங்கால் என்ன நிலைமையோ, அதோடு வருகிறார். பக்கத்தில் உட்காருகிறார், பாடுகிறார். நீங்கள் கடைக்குப் போய், அவர் அப்படி வராமலிருக்க ஒரு சாமான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். தொந்தரவு தீர்ந்தது என்று எனக்குச் சந்தோஷமாக எழுதவும் செய்கிறீர்கள்.

'உயர்ந்த மனிதன்' வந்தது 1968-இல். உங்கள் மாமியாருக்கு அப்போது பதினேழு, பதினெட்டு வயது. எம்.எஸ்.விஸ்வநாதன் இசை, வாலி வரிகள், சுசீலா குரல். பின்னணிப் பாடகிக்கென்று தேசிய விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டதே அந்தப் பாட்டுக்குத்தான். விருது பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாட்டு தெரிகிறது. சரணம் வரைக்கும் தெரிகிறது. பல்லவி மட்டும் தெரிந்தவராக இருந்தால் அரை நிமிடத்தில் ஓய்ந்திருப்பார், உங்களுக்கும் ஹெட்போன் செலவு மிச்சம்.

அந்தச் சரணம் அவருக்கு எப்படி வந்தது என்று ஒரு தரமாவது யோசித்தீர்களா? நினைத்த நேரத்தில் திரும்பப் போட்டுக் கேட்க அன்று வழியில்லை. கிராமபோன் வசதியானவர்கள் வீட்டுச் சாமான். கேசட் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்குப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மட்டமான தாள், பாதி எழுத்து பதிந்திருக்காது, கதைச் சுருக்கம் முக்கியமான இடத்தில் நின்று 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். அதை வாங்கித் தர ஆள் இல்லாத பெண் பிள்ளைகள் ரேடியோ பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்தார்கள். ஒரு தடவை ஒலிபரப்பாகும்போது ஒரு வரி பிடிபடும். அடுத்த வரிக்கு, அந்தப் பாட்டை அவர்கள் மறுபடி போடும்வரை காத்திருக்க வேண்டும். அது நாளைக்கா, அடுத்த மாதமா, யாருக்கும் தெரியாது. நடுவில் அப்பா வந்து ரேடியோவை அணைத்துவிட்டால் அதுவும் போச்சு. பிடித்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்த பெண்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். சனிக்கிழமை இரவு நோட்டோடு உட்காருகிற உங்களுக்கு இது புரிய வேண்டுமே.

அப்புறம் இன்னொரு சங்கதி. 1952-இல் மத்தியில் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டென்றால் ஆகாது. ஜனங்கள் சாஸ்திரிய சங்கீதம் கேட்டுத் தேற வேண்டும் என்று ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். ஜனங்கள் தேறவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்தார்கள். வடக்கே இந்திப் பாட்டு, இங்கே தமிழ்ப் பாட்டு, இரண்டுமே கடல் தாண்டி வந்தன. கடைசியில் 1957-இல் அரசாங்கமே இறங்கி வந்து விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு மத்திய மந்திரியால் அடக்க முடியாத வாய் அது. உங்கள் வீட்டுக் கூடத்தில் நீங்கள் 1,499 ரூபாயில் அடக்கிவிட்டீர்கள்.

நம் ஊரில் பாட்டு யாருக்கும் தனியாகச் சொந்தமாக இருந்ததில்லை. டீக்கடை ரேடியோ தெருவுக்கே பாடியது. கல்யாண வீட்டு மைக் செட், அழைப்பு இல்லாதவர்களையும் விடியற்காலையில் எழுப்பிக் கேட்கவைத்தது. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்தில் டிவி இருந்த வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கம் எல்லாம் உட்கார்ந்திருக்கும், இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கூடப் பாடுகிறவர் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். 'சும்மா இருங்களேன்' என்று அதட்டியதும் உண்டு. ஆனால் அவருக்குக் கேட்காதபடி பாட்டை மறைத்துவைக்க யாருக்கும் வழியில்லை. அந்த வழியில்லாத காலமே மேல் என்று எனக்குத் தோன்றும்.

சரி, ரிமோட்டுக்கு வருவோம். அதை ஏன் எழுதினீர்கள்? 'கோலங்கள்' 2003-இலிருந்து 2009 வரை ஓடியது. முடிந்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது! அதன் கதாநாயகி அபியின் கஷ்டமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, உங்கள் ரிமோட் கணக்கு மட்டும் தீரவில்லை. அன்றைக்கு ரிமோட் அவர் கையில், இன்றைக்குப் போன் உங்கள் கையில். சுருதி சேரவில்லை என்பதெல்லாம் சாக்கு. பழைய கணக்கைத் தீர்க்கிறீர்கள் என்றால் உங்கள் மனசுக்குள்ளாவது அதை ஒப்புக்கொள்ளுங்கள்.

அவர் செய்ததும் சரியில்லை. வந்த மருமகளை விருந்தாளியாகவும் நடத்தாமல் வீட்டுக்காரியாகவும் நடத்தாமல் வருஷக்கணக்கில் இழுத்தடித்த மாமியார்களைப் பற்றி நான் எழுதாத எழுத்தில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரிமோட்டைத் தரவில்லையே தவிர, அவர் உங்களோடு உட்கார்ந்துதான் பார்த்தார். அபிக்கு என்ன ஆகுமோ என்ற கவலை இரண்டு பேருக்கும் சேர்ந்தே இருந்தது. நீங்கள் இப்போது கதவையே சாத்திவிட்டீர்கள். அவர் உங்களுக்குச் செய்ததைவிட இது கடுமை.

சாப்பாடு, மாத்திரை, வெந்நீர் எதிலும் குறையில்லை என்கிறீர்கள். நல்லது. மாதம் பணம் கட்டினால் முதியோர் இல்லத்திலும் இது மூன்றும் நேரத்துக்கு வரும், பிரஷரும் பார்த்துக் குறித்து வைப்பார்கள். பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்வது என்றால், அவர்கள் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசும்போது கேட்பதும், சுருதி தப்பிப் பாடும்போது எழுந்து போகாமலிருப்பதும் அதில் சேர்த்திதான் என்று நினைக்கிறவள் நான். இது பழம் பஞ்சாங்கம் என்று எனக்குக் கடிதங்கள் வரும். வரட்டும்.

இந்தக் கடமை மருமகளுக்கு மட்டும்தானா என்றால், இல்லவே இல்லை. முதல் பொறுப்பு மகனுக்கு. அம்மா பாடி அவர் கடைசியாக எப்போது கேட்டார் என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள். மனைவியின் நோட்டில் தன் பெயர் இல்லை என்று கண்டுபிடித்த மனுஷருக்கு, அம்மாவின் குரல் கூடத்தில் நின்றுபோனது தெரியவில்லை. இதை அவரிடம் வாசித்தே காட்டுங்கள்.

ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு துளி நியாயம் இருக்கிறது. உங்கள் பட்டியலை மறுபடி பாருங்கள். நான்கு சந்தோஷம், நான்கிலும் பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. அவருக்கு உறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன். சொல்லத் தெரியாமல் 'சினிமாதான் குடும்பமா' என்று கேட்டுவிட்டார்.

உங்களுக்கென்று எதுவுமே இருக்கக் கூடாதா என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், இளையராஜாவும் ஜன்னலோரமும் உங்களுடையவை. ஊருக்கே கேட்கிற மாதிரி போனில் ரீல்ஸ் ஓடவிடுகிறவர்களுக்கு நடுவில் அது புண்ணியமும்கூட. வடிவேலுவை யாரோடும் பங்கு போட வேண்டாம். கொரியன் சீரியலையும் தனியாகவே பாருங்கள். அதில் வருகிற பணக்கார மாமியார்களைப் பார்த்தால் உங்கள் மாமியாருக்குப் புது யோசனைகள் வந்துவிடலாம், அந்த ஆபத்து வேண்டாம். நோட்டு எழுதுவதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் 1968-ஆம் வருஷத்துப் பாட்டு நீங்கள் பிறப்பதற்கு முந்தியது, அவருடைய வயசுக்கால வரவு. அதை அவர் இருக்கிற கூடத்தில், அவர் காதில் விழாமல் நீங்கள் மட்டும் கேட்பதற்கு என் சம்மதம் கிடைக்காது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடானதும் ஹெட்போனை பீரோவில் வைத்துவிட்டு அவரிடம் போய் உட்காருங்கள். அந்தப் படத்தை எந்த ஊரில், எந்தக் கொட்டகையில் பார்த்தார், யார் அழைத்துப் போனார்கள் என்று கேளுங்கள். படத்தையே பார்க்க விடவில்லை, பாட்டு மட்டும்தான் தெரியும் என்று சொன்னாலும் சொல்வார். பாட்டு எழுதிவைத்த நோட்டு இருந்ததா, கல்யாணமாகி வரும்போது அது என்ன ஆயிற்று, இதையும் கேளுங்கள். 'அதெல்லாம் இப்ப எதுக்கு' என்று தட்டிவிடுவார். விடாதீர்கள். அவருடைய கல்யாணப் புதிதில் இந்த வீட்டு ரேடியோ யார் கையில் இருந்தது என்பதும் எனக்குத் தெரிய வேண்டும், முடிந்தால் எழுதுங்கள்.

கேட்டு முடித்ததும் பாட்டைப் போடுங்கள். அவர் பாடட்டும். தெரிந்த இடத்தில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் சுருதி எப்படி என்று கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவே இல்லை. அந்தச் சின்னப் பெண்ணின் குரல் எங்கும் ஓடிவிடாது, மறுநாள் பஸ்ஸில் கேட்கலாம். போன் சத்தம் அவர் வயசுக் காதுக்குப் போதாது, டிவியில் போடுங்கள். போனை டிவியோடு இணைக்க உங்கள் மகனுக்குத் தெரியும். பரீட்சை இருக்கிறது என்று நழுவப் பார்ப்பான். ஒரு பாட்டு நேரத்தில் ஒரு மார்க்கும் குறையாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.